துரையின் வலது கண்

…ஆக, அந்தக் கிருமிக்கு எங்கள் வீட்டு மருந்து பழகிப்போய்விட்டது, கண்ணிலிருந்து வழித்தெடுத்த சீழைச் சோதனைக்கூடத்தில் வளர்த்துப் பார்த்தார்களாம், இத்தனை காலம் நாங்கள் போட்ட சொட்டு மருந்துக்கு அது அசைந்துகூடக் கொடுக்கவில்லையாம்… துரை என் மடியில்தான் கிடக்கிறான், நடையைப் பார்த்து என் வீட்டுக்காரி வைத்த பெயர், பூனைக்கு இவ்வளவு மிடுக்கு ஆகாது என்பாள். "பாதியிலயே மருந்த நிறுத்திருக்கீங்க, அப்படித்தானே சார்?" மருத்துவர் சின்னப் பெண், எங்களுக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அந்த வயதுதான். வீட்டுக்காரிதான் மருந்து போடுவாள் என்றேன். "அப்ப அடுத்த தடவ அவங்களையும் கூட்டிட்டு வாங்க, நல்லாத் திட்டி அனுப்புறேன்." அவர் சிரித்தார், நானும் சிரித்துவைத்தேன், அவள் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது என்பதை அந்தச் சிரிப்புக்கு நடுவில் எங்கே வைப்பது…

சோம்பலா அவளுக்கு, இல்லை. துண்டில் சுற்றிப் பிடித்து ஒரு சொட்டு விட்டதும் கையைப் பிறாண்டிவிட்டு நேராக என்னிடம் ஓடிவருவான், என் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொள்வான், அப்புறம் அன்றைக்கு அவள் பக்கமே போகமாட்டான். "சோறு போடறது நானு, கொஞ்சல் மட்டும் அங்கயா, நன்றி கெட்ட கழுத." கண் கொஞ்சம் தெளிந்ததும், "போதுங்க, இன்னும் எத்தன நாளைக்கு என்னை எமனப் பாக்கற மாதிரி பாப்பான்" என்று புட்டியை மூடி ஃபிரிட்ஜ் கதவில் செருகிவிடுவாள், மறுபடி சிவந்தால் அதே புட்டி, மறுபடி சமாதானம்… சாகாமல் மிஞ்சிய கிருமி ஒவ்வொரு தடவையும் தேறி வந்திருக்கிறது, யாருக்குத் தெரிந்தது, அவன் திரும்பத் தன் காலடியில் வந்து உரச வேண்டும், அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

இனி இந்த ஒரு மருந்துதான் கேட்குமாம், இதுவும் கேட்காவிட்டால் கருவிழிப் புண் ஓட்டையாகிவிடும், கண்ணையே எடுக்க வேண்டிவரும். இரண்டு மணிக்கொரு தரம், தெளிந்தாலும் தான் சொல்லும்வரை நிறுத்தக் கூடாது என்றார். துண்டை அவன்மேல் சுற்றுகிறேன், நம்பிக்கையோடு கிடக்கிறான், இமையை விலக்குகிறேன், சிவந்து கலங்கிய கண், ஒரு சொட்டு, சரியாக உள்ளே… நகம் மணிக்கட்டில் இறங்குகிறது, துள்ளிக் குதித்து ஓடுகிறான், ஓடியவன் கூடத்து நடுவில் நின்றுவிட்டான். படுக்கையறைப் பக்கம் பார்க்கிறான், சமையலறைப் பக்கம் பார்க்கிறான், பிறகு என்னை. மருந்து போட்டால் ஓடிவருவது இந்த மடிக்குத்தான், இப்போது மருந்து போட்டதும் இதே மடி… வீட்டில் வேறு ஆள் இல்லை, அவனுக்கும்.