மாஸ்டர் வீட்டுக் கட்டில்

உடுவில் நவரட்ணம் மாஸ்டர் மேசன் ஏரம்புவுக்குத் தரவேண்டியிருந்தது முப்பத்தெட்டாயிரத்து எழுநூற்றைம்பது ரூபா. மதில் கட்டின பதினொரு நாள் கூலி, மேலே கைக்காசில் வாங்கின கட்டுக்கம்பிக்கு இருநூற்றைம்பது. பென்சன் வரட்டும் என்றார், லண்டனிலிருந்து மகன் அனுப்பட்டும் என்றார். நாலாம் மாதம் தேக்கங்கட்டில் ஒன்றை மெத்தையோடு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றி அனுப்பி, கடனுக்கு இது சரி என்று சொல்லிவிட்டார். மகள் ஆரணி தலைப்பிள்ளைப் பேற்றுக்கு வரப்போகிறாள், அவள் படுக்க ஒரு கட்டில் வேண்டுந்தானே என்று ஏரம்புவும் ஒத்துக்கொண்டான்.

கட்டில் வந்த நாலாம் நாள் மனைவி சிவக்கொழுந்துவின் கையில் மூன்று தடிப்பு, நூல் பிடித்துக் கட்டின கல்லைப்போல ஒரே வரிசையில். நுளம்புக்கடி என்று திரி கொளுத்தினார்கள். வீடு முழுக்கப் புகை, தடிப்பு ஏழாகியது. பிறகு தோல் கிரந்தி என்று இறாலை விட்டாள், கத்தரிக்காயை விட்டாள். அவளுக்காக ஏரம்புவும் இரண்டு கிழமை பத்தியச் சோறு தின்றான். கடி மட்டும் நிற்கவில்லை.

டெங்குச் சோதனைக்கு வந்த சுகாதாரப் பரிசோதகர்தான் அவள் கையைக் கண்டு, படுக்கிற இடத்தைக் காட்டச் சொன்னார். மெத்தைத் தையலை ஈர்க்கால் கிளறினார். மிளகுத்தூள் போலக் கறுப்புப் புள்ளிகள், காய்ந்த தோல்கள், பிறகு உளுந்தம்பருப்பளவில் தட்டையாக ஒரு செம்மண் நிறச் சீவன்.

"நுளம்பு இல்லை அம்மா, உது மூட்டைப்பூச்சி" என்றார்.

சுடுதண்ணிதான் இதற்கு மருந்து, முட்டை பொரித்து வரும் என்றபடியால் பத்து நாளால் திரும்பவும் ஊற்றவேண்டும் என்று விளக்கமாகச் சொல்லிப் போனார். ஏரம்பு கேட்டால்தானே. முப்பது வருசமாக வெடிப்பு அடைக்கிறவன், இந்த ஓட்டைகளையா அடைக்கமாட்டேன் என்று வெள்ளைச் சீமெந்து குழைத்துக் கட்டில் பொருத்தெல்லாம் பூசினான். மூன்றாம் நாள் பூச்சி சுவர்க் கலண்டருக்குப் பின்னால் குடியிருந்தது.

அதற்குள் கதை ஆரணி வாழப்போன அளவெட்டிக்குப் போய்விட்டது. பூச்சி முழுக்கப் போனபிறகு சொல்லுங்கோ, அப்போது பிள்ளையை விடுகிறோம் என்று சம்பந்தி அம்மா போனை வைத்தாள். தலைப்பிள்ளையைத் தாய்வீட்டில் பெற விடாமல் ஒரு பூச்சி மறிப்பதா என்று சிவக்கொழுந்து அழுதாள்.

ஏரம்பு சைக்கிளை எடுத்துக்கொண்டு உடுவிலுக்குப் போனான். கட்டிலை எடுங்கோ, காசைத் தாங்கோ என்றான். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்:

"பாத்துத்தானே இறக்கினனீர்?"

திரும்பி வந்து மெத்தையைப் பின்வளவில் கொளுத்தினான். தான் பூசின சீமெந்தைத் தானே உளியால் கொத்தி எடுக்க ஒரு நாள். கட்டிலைக் கழற்றி, பொருத்துப் பொருத்தாகக் கொதிதண்ணீர் ஊற்ற இன்னொரு நாள். துணியெல்லாம் கிடாரத்தில் அவித்தார்கள். கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்தி, கால்களைச் சவர்க்காரத் தண்ணீர் விட்ட தகர ரின்களுக்குள் வைத்தார்கள். பத்து நாளால் எல்லாம் மறுபடியும். அத்தனை நாளும் கூலி இல்லை.

பிறகு வெள்ளை வேட்டி விரித்து ஐந்து நாள் தானே அதில் படுத்துப் பார்த்தான். வேட்டியில் ஒரு புள்ளி இல்லை.

ஆரணி புதன்கிழமை வந்தாள். வியாழன் காலை சிவக்கொழுந்து அவள் கைகால் முழுக்கத் தடவிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் பிள்ளை போய்க் கட்டிலில் சரிந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் மாஸ்டர் ஓட்டோவில் வந்து இறங்கினார். கையில் தடித்த என்வலப்.

"முழுக்காசும் இருக்கு ஏரம்பு. மகன் வாறான், தாயின்ரை கட்டில் எங்கை எண்டு கேக்கிறான். திருப்பித் தாரும்."

ஏரம்பு கதவு நீக்கலால் எட்டிப் பார்த்தான். வயிற்றைத் தலையணையில் சாய்த்தபடி ஆரணி வாய் திறந்து நித்திரை.

"மெதுவாக் கதையுங்கோ மாஸ்டர். பிள்ளை இப்பதான் கண்ணயந்தவள்."

"அப்ப நாளைக்கு வரட்டோ?"

"நாளைக்கும் ஏலாது, பேறு முடிஞ்சும் ஏலாது. நீங்கள் எனக்கு ஒரு சதமும் தரவேண்டாம். கட்டில் எங்கடை."

மாஸ்டர் சிவக்கொழுந்துவின் முகத்தைப் பார்த்தார். அவள் என்வலப்பை ஒருதரம் பார்த்தாள், அறைக் கதவை ஒருதரம் பார்த்தாள். பிறகு முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, மாஸ்டர் போக வாசல் படலையைத் திறந்து பிடித்தாள்.