பதினேழாம் நம்பர் கேக்

படார்! கதவு திறந்த வேகத்தில் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் கீழே விழுந்தது.

லோர்னா ஹட்சின்ஸ் கடித்த சாண்ட்விச்சை அப்படியே வைத்தாள். உள்ளே வந்தவர் கிரேடி ஸ்டபிள்ஃபீல்ட், பல்கலைக்கழக விளையாட்டுத் துறையின் தலைவர். முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது.

"ஏம்மா லோர்னா, ஊரே பாத்தாச்சு. நீ உக்காந்து தின்னுகிட்டிருக்கே!" கைபேசியை மேஜைமேல் எறிந்தார்.

படத்தில் டவேரியஸ் பூன், ஃபுட்பால் அணியின் நட்சத்திரம். வாய் நிறைய கேக். கேக்கின் மேல் நீலச் சர்க்கரையில் பெரிதாக 17, அவன் சட்டை நம்பர். பேக்கரிக்கார எர்லீன் அம்மாளே பெருமை தாங்காமல் படத்தை இணையத்தில் போட்டிருந்தாள்: 'நம்ம பிள்ளைக்குப் பிறந்தநாள். கேக் நம்ம கடை அன்பளிப்பு!'

அன்பளிப்பு! லோர்னா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். விதிகள் மீறப்படாமல் பார்ப்பதுதான் அவள் உத்தியோகம். கல்லூரிக்காக ஆடுகிறவன் ரசிகர்களிடம் ஓசியில் எதையும் வாங்கக் கூடாது. வாங்கினால் தடை. அதன் விலையைச் சொந்தக் காசில் தர்மத்துக்குக் கட்டி ரசீது காட்டினால்தான் தடை நீங்கும். அன்று வியாழன். சனிக்கிழமை இந்த வருஷத்தின் கடைசி ஆட்டம். அவனைப் பார்ப்பதற்கென்றே தொழில்முறை அணிகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

கிரேடி போனபின் அவள் கூப்பிட்டனுப்ப, டவேரியஸ் வந்து நாற்காலி கொள்ளாமல் உட்கார்ந்தான்.

"எத்தனை துண்டு தின்னே?"

"ஒண்ணுதான் மேடம். மிச்சத்தை ரூம் பசங்க விட்டாத்தானே?"

"வாங்கினது முழு கேக். முப்பத்தஞ்சு டாலர். நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள கட்டணும்."

அவன் சிரித்தான். "எங்கிட்ட நாலு டாலர் இருக்கு. நீங்க கொஞ்சம் கடன் குடுங்களேன்."

"நான் குடுத்தா அது இன்னொரு குத்தம்."

"கோச்?"

"அதைவிடப் பெரிய குத்தம்."

"போன வருஷம் ஜெயிச்சப்ப குடுத்த மோதிரத்தை வித்துடறேன்."

"டேய், வாயை மூடு! அதை நான் கேக்கவே இல்ல. வித்தியோ, சனிக்கிழமை மட்டுமில்ல, ஜென்மத்துக்கும் ஆட முடியாது."

"அம்மாகிட்ட கேக்கலாமா?"

"அம்மா தரலாம். அதுக்குத் தடை இல்ல."

டவேரியஸ் ஜன்னலைப் பார்த்தான். எதிரே பல்கலைக்கழகக் கடையில் 17 போட்ட சட்டைகள் வரிசையாகத் தொங்கின. பெயர் இல்லை, வெறும் நம்பர். "அம்மாவுக்கு கோழி ஃபேக்டரில சம்பளம் திங்கக்கிழமைதான் மேடம். அவங்களுக்கு அந்தச் சட்டை ஒண்ணு வாங்கித் தரக்கூட என்னால முடியல."

அவன் எழுந்து போனான். லோர்னா நானூறு பக்க விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினாள். எங்கேயாவது ஒரு சந்து கிடைக்காதா? கிடைக்கவில்லை. புத்தகத்தைத் தூக்கி அலமாரியில் அடித்தாள்.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு அவன் மறுபடி வந்தான். அநாதை இல்லத்துக்குக் கட்டிய ரசீதை நீட்டினான். நீட்டிய கையின் முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்து பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"இது என்னடா?"

"பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி காசு குடுத்து ரத்தத்துலேருந்து பிளாஸ்மா எடுக்குறாங்கல்ல மேடம், அங்க குடுத்தேன். முதல் தடவைன்னு நல்லாவே குடுத்தாங்க. எனக்குன்னு தனியா இல்ல, எல்லாருக்கும் குடுக்குற ரேட்டுதான், விசாரிச்சுட்டேன்."

"நாளைக்கு ஆட்டத்தை வெச்சுக்கிட்டு ரத்தத்தையா வித்துட்டு வந்து நிக்குறே? அறிவிருக்கா உனக்கு?"

"புத்தகத்துல கூடாதுன்னு போட்டிருக்கா மேடம்?"

போட்டிருக்கவில்லை. நேற்றுதான் எல்லாப் பக்கமும் புரட்டியிருக்கிறாளே. தன் தண்ணீர் பாட்டிலை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் அதைத் தொடாமல் பயத்தோடு அவளைப் பார்த்தான். "இதுக்கும் ரசீது வேணுமா மேடம்?"

"குடிச்சுத் தொலை!"

அவன் போனதும் ரசீதை எடுத்துக்கொண்டு நேரே கிரேடியின் அறைக்குப் போனாள்.

"நாளைக்கு அவன் ஆடலாம் சார். ரத்தத்தை வித்துக் கட்டியிருக்கான். அவன் நம்பரை நாம கடை போட்டு விக்குறோம், அவன் ஒரு துண்டு கேக் தின்னா குத்தமா? எனக்கே வெக்கமா இருக்கு."

கிரேடி தலை நிமிரவில்லை. கைபேசியில் அந்தக் கேக் படத்தையே விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் நம்பரா? நம்ம நம்பரும்மா அது. அந்த பேக்கரிக்காரி யாரைக் கேட்டு அதை கேக்குல போட்டாள்னு இன்னைக்கே ஒரு நோட்டீஸ் அனுப்பு."