சாமியார் சொல்லிட்டாரு

“பெலிக்ஸ் சாமியாருக்கு போன் பண்ணிட்டேன்” என்றான் அருள் பிரகாஷ். “சிதம்பரத்துலதான் இருக்காராம். மத்தியானம் வரச் சொன்னாரு.”

அப்பா சகாயநாதன் வாய்க்குக் கொண்டுபோன இட்லியைத் தட்டிலேயே வைத்தார்.

“நீ எதுக்குடா அலையணும்? நான் போயிக் கேட்டுட்டு வர்றேன்.”

“போன தடவ நீதானப்பா கேட்ட. இந்தத் தடவ நானே கேட்டு, ஆசீர்வாதமும் வாங்கிக்கறேன்.”

“வெயிலு மண்டையப் பொளக்குது.”

“பனியில நின்னவன வெயிலு என்னா பண்ணப்போவுது?” என்றாள் ஜெயமேரி. பேசிக்கொண்டே மகன் தட்டில் இட்லியைப் பிய்த்துப் போட்டாள். “நீங்களும் கூடப் போயிட்டு வாங்க. சாமியாரப் பாத்து எவ்ளோ நாளாச்சு.”

அருள் இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டான். வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான் முழுசாக இருந்தது. மற்றவை பாதியில் நின்றுவிட்டன. பட்டாளத்தில் மலைமேல் போஸ்டில் காவல் நின்றபோது பனி தின்றது.

சகாயநாதன் கடலூர் முதுநகர் மாதா கோயிலில் உபதேசியார். பூசைக்கு மணியடிப்பது, பீடத்துக்குத் துணி விரிப்பது, தூபக்கலசத்துக்குக் கரி மூட்டுவது எல்லாம் அவர் வேலை. அதைவிடப் பெரிய வேலை, சனங்களுக்கும் சாமியாருக்கும் நடுவில் நிற்பது. ஞானஸ்நானத்துக்கு நாள் கேட்கிறவர்களும் புது வீடு மந்திரிக்கக் கூப்பிடுகிறவர்களும் இவரிடம்தான் வருவார்கள். இவர் உள்ளே போய்க் கேட்டு, வாசலுக்கு வந்து, “சாமியார் சொல்லிட்டாரு” என்பார். அதற்குமேல் அப்பீல் கிடையாது. சில சமயம் சாமியார் தூங்கிக்கொண்டிருப்பார். சின்ன விஷயத்துக்கு எழுப்புவானேன் என்று இவரே ஒரு பதிலைச் சொல்லி அனுப்புவதும் உண்டு. அதில் யாரும் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை.

போன வருசத்துக்கு முந்தின வருசம், மழை ஓய்ந்த நேரத்தில் அருள் போன் பண்ணினான்.

“யப்பா, எங்க யூனிட்டுல கோயில் இருக்குல்ல, அதுல எனக்கு ஒரு வேல வருது.”

“எந்தக் கோயிலு?”

“எல்லாச் சாமியும் ஒரே ரூமுல இருக்கும்ப்பா. நம்ம சேசு படமும் இருக்கு. அதப் பாத்துக்கற பண்டிட்ஜிக்குக் கூடமாட ஒரு ஆளு வேணுமாம். ஞாயித்துக்கெழம பஜனைக்கு ஆர்மோனியம் வாசிக்கணும், வெளக்கு ஏத்தணும். எவனாவது செத்துட்டா சடங்குக்குக் கூட நிக்கணும். நான் கிறிஸ்மஸுக்கு வாசிச்சத கேட்டிருக்காரு மனுசன். அருளுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாரு.”

“சூடத் தட்டு புடிக்கணுமா?”

“புடிக்கணும்தான். தட்டுதானப்பா.”

“உன் கூட இருக்கறவங்கள்லாம்?”

“அவுங்க மேல போஸ்டுக்குப் போறாங்க. இதுல சேந்தா நான் கீழயே இருந்துருவேன். ஆனா மனசு ஒரு மாதிரி இருக்குப்பா. சாமியாருகிட்ட ஒரு வார்த்த கேளு. அவுரு சரின்னா சேந்துக்கறேன்.”

பெலிக்ஸ் சாமியார் அப்போது இதே பங்குக் கோயிலில்தான் இருந்தார். கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர், கேட்டதும் சிரித்துவிட்டார்.

“நீ எனக்குச் செய்யறத உம்மவன் அங்க ஒரு பண்டிட்டுக்குச் செய்யப்போறான். அவன் வெளக்கு புடிச்சா நம்ம ஆண்டவரு கோச்சுக்குவாராய்யா? செத்தவன் பக்கத்துல நிக்கறது எவ்ளோ பெரிய காரியம்! நல்லா செய்யச் சொல்லு.”

“சரிங்க சாமி” என்று வெளியே வந்தார் சகாயநாதன். கோயிலுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு தெருதான். அந்தத் தெருவில் நடக்கும்போதே ஊர் வாயெல்லாம் காதில் கேட்டது. ‘உபதேசியார் மவன் சூடம் காட்டறானாமே?’ ‘அப்பன் இங்க மணியடிக்கிறான், மவன் அங்க மணியடிக்கிறான்.’ வீட்டு வாசலில் நின்றபடியே போன் போட்டார்.

“சாமியார் வேணாம்னுட்டாரு.”

“வேணாம்னாரா?”

“பாவம்னு சொல்லிட்டாரு.”

“சரிப்பா” என்றான் அருள். அந்தப் பனிக்காலத்தில் மலைமேல் ஏறினான். அதற்குள் சாமியாருக்கும் சிதம்பரத்துக்கு மாற்றல் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகும் அவன் யாரையும் குறை சொல்லவில்லை. ஜெயமேரி அழும்போதெல்லாம், “சாமியார் சொன்னபடிதான கேட்டேன், விடும்மா” என்பான். அந்த வார்த்தை வரும்போது சகாயநாதன் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். இப்போது பண்டிட்ஜி மறுபடி கேட்டிருக்கிறார். வாசிக்க வேண்டாம், கூட நின்றால் போதும் என்று.

சிதம்பரம் பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டு கிடைத்தது. கண்டக்டர் அருளின் முடியைப் பார்த்தார்.

“மிலிட்டரியா தம்பி? கோட்டா பாட்டுலு ஏதாவது கெடைக்குமா?”

“எங்கப்பா உபதேசியாருண்ணே. வீட்டுக்குள்ள பாட்டுலு வந்தா பாட்டுலுக்கே ஞானஸ்நானம் குடுத்துருவாரு.”

கண்டக்டர் சிரித்துக்கொண்டே போனார். அருளும் சிரித்தான். சொல்வதென்றால் இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று சகாயநாதனுக்குத் தோன்றியது. ஆலப்பாக்கம் தாண்டியதும் வாயைத் திறந்தார்.

“அருளு, அன்னிக்கி சாமியாரு சொன்னாருல்ல…”

“அத நெனச்சிக்கிட்டேதான் வர்றியா? அவுரு மேல எனக்குக் கோவமே இல்லப்பா. பனி விழும், வெரலு போவும்னு அவுருக்கு என்னா ஜோசியமா தெரியும்?”

“அதில்லடா…”

“முட்லூர் எறங்கறவங்கள்லாம் முன்னாடி வா!” என்று கண்டக்டர் கத்தினார். கூடை தூக்கிய பொம்பளைகள் இடித்துக்கொண்டு இறங்கினார்கள். பஸ் மறுபடி கிளம்பியது.

“என்னாப்பா சொல்ல வந்த?”

“ஒண்ணுமில்ல. தண்ணி குடிக்கிறியா?”

சிதம்பரத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தார்கள். கோயில் வாசலில் ஆட்டோ நின்றதுமே சகாயநாதன் குதிக்காத குறையாக இறங்கினார்.

“நீ ஆட்டோவுக்குக் குடுத்துட்டு மெதுவா வா. சாமியாரு முழிச்சிருக்காரான்னு பாக்கறேன்.”

எத்தனையோ பேருக்குச் சொன்ன வார்த்தைதான். வேகமாகச் சாமியார் தங்கும் அறைவீட்டுக்குள் போனார். பெலிக்ஸ் சாமியார் நாற்காலியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

“ஸ்தோத்திரம் சாமி. அவன் வர்றதுக்குள்ள ஒரு வார்த்த…”

“அடேய் சிப்பாய்! வாடா வாடா!” என்று சாமியார் அவர் தோளைத் தாண்டிக் கூவினார். அருள் பின்னாலேயே வந்துவிட்டிருந்தான்.

“ஸ்தோத்திரம் சாமி.”

கை கூப்பியதைப் பார்த்ததும் சாமியாரின் முகம் மாறியது. எழுந்து வந்து அந்த வலது கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“என்னாடா இது?”

“பனி சாமி. மேல போஸ்டுல.”

“மேலயா? சாமி ரூமுல வெளக்கு புடிக்கறவன எதுக்குடா மேல அனுப்புனாங்க?”

“நான் அதுல சேரலியே சாமி.”

“ஏன்? நல்லா செய்யச் சொல்லுன்னு உங்கப்பங்கிட்ட அப்பவே சொன்னனே!”

அருள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். அவர் பூசையில் பீடத்தின் ஓரம் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“சகாயம்?” என்றார் சாமியார்.

“சாமி சரின்னுதான் சொன்னாரு” என்றார் சகாயநாதன், தரையைப் பார்த்து. “வேணாம்னது நான்தான்.”

“அதுக்கு எம்பேரு எதுக்குய்யா?”

“நான் சொன்னா கேக்கமாட்டான் சாமி. நீங்க சொன்னீங்கன்னா தட்டமாட்டான்.”

“ஆமாம்ப்பா” என்றான் அருள். அவன் குரல் உயரவில்லை. “நீ வேணாம்னிருந்தா சண்ட போட்டுட்டுச் சேந்திருப்பேன். சாமியாரு வேணாம்னாருன்னதாலதான் பேசாம இருந்துட்டேன்.”

உட்காரச் சொல்வார்கள் என்று சகாயநாதன் பார்த்தார். ஒருவரும் சொல்லவில்லை.

அருள் சாமியார் பக்கம் திரும்பி முழங்கால் போட்டான்.

“இப்பவும் கூப்புடறாங்க சாமி. சேரட்டுமா?”

“சேருடா.” சாமியார் அவன் தலையில் கை வைத்தார். ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் சகாயநாதனுக்குப் பக்கத்து சீட்டு காலியாகவே இருந்தது. அருள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தான்.

“உக்காரேன்டா.”

“பரவால்லப்பா.”

புதுச்சத்திரத்தில் ஒரு பெண் வந்து அங்கே உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டு வாசலிலேயே ஜெயமேரி நின்றிருந்தாள். “சாமியாரு என்னா சொன்னாரு?” என்று வழக்கம்போலப் புருசனைக் கேட்டாள். சகாயநாதன் வாயைத் திறப்பதற்குள் அருள் சொன்னான்:

“சரின்னாரும்மா. நானே கேட்டேன்.”

மற்றதை அவள் மெல்ல மெல்ல மகனிடம்தான் தெரிந்துகொண்டாள். எல்லாம் தெரிந்த அன்றைக்குச் சோறு போட்டவள் குழம்பை ஊற்றாமல் எழுந்து போய்விட்டாள். அவரும் கேட்கவில்லை.

அருள் லீவு முடிந்து போனான். போன் இப்போது ஜெயமேரி நம்பருக்குத்தான் வருகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டான்.

“இங்க பாரும்மா, இதுதான் எங்க ரூமு. முருகரு, காளி, அந்தாண்ட நம்ம சேசு. இவுருதான் பண்டிட்ஜி.”

பெரிய மீசைக்காரர் ஒருத்தர் கும்பிட்டார். ஜெயமேரியும் கும்பிட்டாள்.

“ஆர்மோனியம் யாருடா வாசிக்கறது?”

“ஒரு மலையாளத்துப் பையன். சுமாராத்தான் வாசிக்கறான். சொல்லிக் குடுக்கறேன்.” அவன் சூடத் தட்டை எடுத்துக் காட்டினான். இடது கையில் தட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வலது கை தாங்கப் போய் நழுவியது.

சகாயநாதன் மனைவியின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தூபக்கலசம், மெழுகுவர்த்தித் தண்டு, காணிக்கைத் தட்டு என்று காலமெல்லாம் ஏந்திய கை அவருடையது. தன்னாலேயே எழுந்து வெறுங்காற்றை ஏந்திக்கொண்டது.

“மேரி, மணிக்கட்டு மேல தட்ட வச்சிக்கச் சொல்லு. வெரலே வேணாம்” என்றார் மெதுவாக.

“மணிக்கட்டு மேல தட்ட வச்சிக்கணுமாம்டா.”

அருள் நிமிர்ந்தான். “யாரும்மா சொல்றது? நீயா, அப்பாவா?”

ஜெயமேரி போனைப் புருசன் பக்கம் திருப்பினாள். “நீங்களே சொல்லுங்க.”

அவர் போனுக்கு நேராக வந்து நின்றார். அதற்குள் அங்கே மணி அடிக்க ஆரம்பித்தது. அருள் போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, தட்டோடு முதுகு காட்டி நின்றான்.

“நான்தான்டா சொல்றேன்” என்றார் சகாயநாதன். “நான்தான்.”

மணிச் சத்தம் ஓயவில்லை.