எழுபத்தோராம் பக்கத்துக் கதவு

பதினோராவது தடவையாகத் திருத்திய கதையை ஸ்வாவா மேசைமேல் போட்டபோது ஹல்டோருக்கு அதைப் புரட்டிப் பார்க்கவே மனமில்லை. வயது அறுபத்தாறு. படிப்பு ஏழாம் வகுப்போடு சரி. ஒரு பக்கம் படித்து முடிப்பதற்குள் காப்பி ஆறிவிடும் ஆசாமி அவர். நூற்றிரண்டு பக்கத்தைப் பதினொரு தடவை எவன் படிப்பான்?

"எழுபத்தொண்ணாம் பக்கத்தை மட்டும் மாத்தியிருக்கேன் டோரி. படிச்சுப் பாத்துக்கோ" என்றாள் ஸ்வாவா.

"தாழ்ப்பாள்தானே?"

"படிச்சுப் பாரு."

அவர் படிக்கவில்லை.

ஸ்வாவா அவருடைய தம்பி ஸ்டெய்னியின் மனைவி. ஸ்டெய்னி ஏரியில் மூழ்கிப்போய்ப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. அவள் பகலெல்லாம் மீன் பொதியும் கொட்டகையில் வேலை செய்துவிட்டு வருவாள். இவர் சொல்லச் சொல்ல அவள் தட்டச்சு செய்வாள். நாலு குளிர்காலம் அப்படியே ஓடி ஒரு திகில் திரைக்கதை ஆகிவிட்டது. கார்ல் என்கிற மீனவன் தன் கூட்டாளி பீட்டைக் கொன்றுவிட நினைக்கிறான். பனிக்கட்டிக்கு அடியில் போட்ட வலையை எடுக்க, உறைந்த ஏரியின்மேல் இரண்டு பேரும் ஒரே வண்டியில் போகிறார்கள். பார்க்கிறவனுக்கு விஷயம் தெரியும், பீட்டுக்குத் தெரியாது. அவ்வளவுதான் கதை.

கனடா முழுக்கப் புதிதாக எழுத வந்தவர்களில் ஐந்து பேரின் கதையைப் படமெடுக்கப் பொறுக்கியிருந்தார்கள். இதுவும் அதில் ஒன்று. கடிதத்தில் 'வளர்ந்துவரும் எழுத்தாளர்கள்' என்று போட்டிருந்தது. "இந்த வயசுல எனக்கு வளர்றது காது மயிரு மட்டும்தான்" என்றார் ஹல்டோர். டொராண்டோவிலிருந்து வருகிற கடிதம் எதையும் அவர் நம்புவதில்லை. அங்கே ஒருவன் சிரித்துப் பேசினால் இவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும்.

படத்தைத் தயாரிக்கப் போகிற காமீல் அந்த எழுபத்தோராம் பக்கத்தில்தான் பிடிவாதமாக நின்றாள். வண்டி பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு உள்ளே போகிறது, கார்ல் குதித்துவிடுகிறான், பீட் பக்கத்துக் கதவில் தாழ்ப்பாள் மாட்டிக்கொள்கிறது. ஹல்டோர் எழுதியது அப்படி.

"தாழ்ப்பாள் மாட்டிக்கிட்டா அது விபத்து" என்று காமீல் தொலைபேசியில் சொன்னாள். "விபத்துக்கு யாருக்கும் நெஞ்சு அடிச்சுக்காது. கதவை யாராவது சாத்தணும், ஹல்டோர். அந்தப் பக்கம் சரியா வரலைன்னா நான் வேற கதையைத்தான் எடுக்கணும்."

பத்துத் தடவையும் அவர் தாழ்ப்பாளை விடவில்லை. ஏன் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஏரிமேல் வண்டி ஓட்டுகிறவன் கதவைச் சாத்தமாட்டான். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி போனாலும் சாத்தமாட்டான். பனிக்கட்டி விட்டுவிட்டால் குதிக்கவேண்டும், கதவைத் திறக்க நேரமிருக்காது. நடக்கப் பழகும்போதே அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அது தெரியும். ஸ்டெய்னி ஒருநாளும் சாத்தியவனில்லை. அன்றைக்கு வண்டி ஓட்டியவர் ஹல்டோர். "உன் பக்கத்தை மட்டுமாவது சாத்துடா, குளிருது" என்றார். அண்ணன் சொன்னானே என்று சாத்தினான். கால் மைல் போவதற்குள் ஏரி வாயைத் திறந்தது. இவர் பக்கத்துக் கதவு திறந்திருந்தது. இவர் வெளியே வந்துவிட்டார்.

தாழ்ப்பாள் மாட்டிக்கொண்டது என்று போலீசிடம் சொன்னார். ஸ்வாவாவிடமும் அதையே சொன்னார். அப்புறம் மாற்றிச் சொல்ல ஒரு நாள் வாய்க்கவேயில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஊர்க்கூடத்தில் கதையை வாசித்தார்கள். படமெடுக்குமுன் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாக வாசித்துப் பார்ப்பது சினிமாக்காரர்கள் வழக்கம். காமீல் விமானம் பிடித்து வந்திருந்தாள். சுற்றிலும் இருபது மீனவர்கள். கதை கேட்க வந்தவர்கள் பாதி, ஸ்வாவாவின் ஏழடுக்கு பிளம் கேக்குக்கு வந்தவர்கள் பாதி.

கார்லாக வாசிக்கவேண்டிய முடிதிருத்துகிற மன்டிக்குத் தொண்டை கட்டிவிட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

"ஹல்டோர், நீங்களே வாசிங்க" என்றாள் காமீல்.

"நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். பொழுது விடிஞ்சிடும்."

"பரவால்ல."

"பொண்டாட்டிக்கு எழுதின காதல் கடுதாசியையே இவன் என்கிட்ட குடுத்துத்தான் எழுத்துப்பிழை பாத்தான்" என்றான் தபால்காரன் ஓலி. அவனுக்குப் பீட்டின் வேஷம். கூடம் சிரித்தது. ஹல்டோர் சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு காப்பியை உறிஞ்சினார். அவர் சிரிக்கவில்லை.

வாசிப்பு மெல்ல நகர்ந்தது. காட்சி விவரங்களை ஸ்வாவா வாசித்தாள், சந்தைப் பட்டியலை வாசிக்கிற குரலில். வரியின்கீழ் விரலை ஓட்டி ஓட்டி ஹல்டோர் சலித்துப்போனார். எழுபத்தோராம் பக்கம் வந்தது.

"ஏரி. காலை நேரம். வண்டியின் இரண்டு கதவும் திறந்திருக்கின்றன. கார்ல் ஓட்டுகிறான்" என்று வாசித்து நிறுத்தினாள் ஸ்வாவா.

ஹல்டோரின் விரல் அடுத்த வரிக்கு வந்தது. அவர் சொல்லாத வரி அது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினார்.

*உன் பக்கத்தை மட்டுமாவது சாத்துடா. குளிருது.*

நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் பென்சில் அசையவில்லை.

பழைய வரி அவருக்கு மனப்பாடம். 'தாழ்ப்பாள் மாட்டிக்கிச்சு' என்று சொல்லிவிட்டால் ஊரில் எவனுக்கும் ஒன்றும் தெரியாது. காமீல் வேறு கதையைத் தேடிப் போவாள். போகட்டும். ஆனால் ஸ்வாவா காத்திருக்கிறாள். எத்தனை வருஷமாகவோ, அது இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"இந்த மௌனம் நல்லாயிருக்கு" என்று காமீல் முணுமுணுத்தாள்.

"உன் பக்கத்தை மட்டுமாவது" என்றார் ஹல்டோர். விரல் அடுத்த சொல்லுக்கு நகர்ந்தது. "சாத்துடா. குளிருது."

மீனவர்களின் வாய்க்குப் போன கேக் பாதியில் நின்றது. ஓலி தாளைக் கீழே வைத்துவிட்டான்.

"ஓலி, அடுத்தது உங்க வரி" என்றாள் காமீல்.

"தெரியும்மா." தாளைத் திரும்ப எடுத்து வாசித்தான்: "சரி. சாத்திட்டேன்."

வாசிப்பு முடிந்ததும் காமீல் கைதட்டினாள். வேறு யாரும் தட்டவில்லை. "இதுதான்! இதைத்தான் பத்துத் தடவையா கேட்டேன். அந்த இடத்துல கார்ல் லேசா சிரிக்கணும்."

"சிரிக்கமாட்டான்" என்றாள் ஸ்வாவா.

"அவன் கொலைகாரனாச்சே?"

"கொல்லணும்னு நினைச்சவன்தான். அன்னிக்குக் காலைல வேணாம்னு விட்டுட்டான். அப்புறம்தான் குளிருது."

"அப்போ அது கொலையா, இல்லையா?"

"வண்டியில இருந்தது ரெண்டு பேரு. மிஞ்சினவன்தான் சொல்லணும். அதுவரைக்கும் பாக்குறவன் நாற்காலி நுனியில உக்காரட்டும்."

காமீல் பென்சிலைக் கடித்தாள். "வியாழக்கிழமைக்குள்ள எழுதி அனுப்புங்க. இப்படி வந்தா நான் எடுக்கறேன்." அவளுக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டது.

ஊரும் கலைந்தது. எவனும் ஹல்டோரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஓலி மட்டும் போகிற போக்கில் அவர் தொப்பியை எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டுப் போனான்.

"எப்போ தெரியும்?" என்று கேட்டார் ஹல்டோர்.

"வண்டியை வெளிய இழுத்தாங்களே, அந்த வசந்தத்துல. தாழ்ப்பாளைத் தொட்டுப் பாத்தேன். வெண்ணெய் மாதிரி நகருது. ஸ்டெய்னி தானா கதவைச் சாத்துற ஆளா?"

"கேட்டிருக்கலாமே."

"நீ சொல்வேன்னு இருந்தேன். சொல்லல. எழுதவாவது செய்வேன்னு உன்கூட உக்காந்தேன். பத்துத் தடவை தாழ்ப்பாளையே குடுத்த. எனக்கும் அலுத்துப்போச்சு டோரி."

"நான் சொன்ன அதே வார்த்தை உனக்கு எப்படித் தெரியும்?"

"நாலு வருஷமா உன் பேச்சைத்தானே தட்டிக்கிட்டிருக்கேன். நீ எப்படிச் சொல்லியிருப்பேன்னு தெரியாதா?"

அவள் மிஞ்சிய கேக்கைத் தாளில் சுற்றினாள், குவளைகளை அடுக்கினாள். பிறகு கணினியைத் திறந்து எழுபத்தோராம் பக்கத்தை எடுத்தாள்.

"கார்லுக்குக் காய்ச்சல்னு போடு" என்றார் ஹல்டோர்.

அவள் கை நின்றது. "காய்ச்சலா? எனக்கு அது தெரியாதே."

"ரெண்டு நாளா. யாருகிட்டயும் சொல்லல. சொன்னா ஸ்டெய்னி தனியா வலை எடுக்கப் போயிருப்பான்."

"எவ்வளவு காய்ச்சல்?"

"ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியல. பல்லு தந்தியடிச்சது."

ஸ்வாவா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போட்டுக்கொண்டாள். "மெதுவா சொல்லு" என்றாள். தட்ட ஆரம்பித்தாள்.