டல்லேவுக்குப் போட்ட தாழ்ப்பாள்

காலையில் அந்த நாயின் காலில் விழாத குறையாக நின்ற அதே நானிசோபாதான், பொழுது சாயும் நேரத்தில் அதற்குக் கதவைத் தாழிட்டாள். இந்த வருஷம், திகார் என்கிற ஐந்து நாள் விளக்குப் பண்டிகையில் நாய்ப் பூசையும் லட்சுமி பூசையும் ஒரே நாளில் வந்து தொலைத்தன. காலையில் டல்லேவின் நெற்றியில் சிவப்புத் திலகத்தை அப்பி, கழுத்தில் துலுக்கச்சாமந்தி மாலை போட்டு, தட்டு நிறைய எருமைக்கறி வைத்து, மகனை விட்டுப் போட்டோ எடுத்து, லண்டன் நாத்தனாருக்கு அனுப்பியும் ஆயிற்று. அவளுக்கென்று நாய் ஏது? மாடி அறையில் குடியிருக்கும் சுக்மாயாவின் நாயைத்தான் வருஷத்தில் ஒரு காலைப்பொழுதுக்கு இரவல் வாங்குவாள். மற்ற நாளெல்லாம் அது சனியன்.

நாய்க்கு அவ்வளவு கறி பழக்கமில்லை. மத்தியானம் கழுவித் துடைத்துவைத்த மாடிப்படியில் அத்தனையையும் கக்கிவிட்டது. சுக்மாயா துடைத்தாள், திரும்பக் கழுவினாள், சாணி தெளித்தாள். பிறகு நாயைத் தெருக்குழாய்க்கு இழுத்துப்போய்க் குளிப்பாட்டிவிட்டு வந்து பார்த்தால், வாசல் கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது.

தட்டினாள். முதல் மாடி ஜன்னலில் நானிசோபாவின் முகம் தெரிந்தது.

"அதை எங்கேயாவது கட்டிட்டு வா. உனக்குக் கதவு திறக்கிறேன்."

"காலையில சாமின்னு கும்பிட்டீங்களே அக்கா."

"காலையில கும்பிட்டேன். இப்ப லட்சுமி வர்ற நேரம். வாந்தியெடுத்த நாய் என் படியில ஏறக்கூடாது. இன்னைக்கு மட்டுமில்லை, இனிமே என்னைக்குமே."

ஜன்னல் சாத்திக்கொண்டது.

எதிரே வெற்றிலைக் கடை பாபுராஜா எல்லாவற்றையும் ரசித்துக்கொண்டிருந்தான். அவன் கடைக் கம்பத்தைக் காட்டி, இங்கே கட்டிவிட்டுப் போய்ச் சூடாக டீ குடி என்று உபதேசம் செய்தான். நாய்க்காக வீட்டுக்கார அம்மாவிடம் மல்லுக்கு நிற்கிறாயே, வேறு அறை கிடைக்குமா உனக்கு, தாமாங் சாதிப் பெண்ணுக்கு இந்தத் தெருவில் யார் அறை தருவார்கள் என்றும் சேர்த்துச் சொன்னான். நல்லது சொல்வதுபோலவே குத்துவதில் அவன் கெட்டிக்காரன்.

சுக்மாயா வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். ஸ்வெட்டர் மேலே இருந்தது, தைத்துக்கொடுக்க வேண்டிய ரவிக்கைகள் மேலே இருந்தன, அவளுடைய சின்ன விளக்கும் எண்ணெயும் மேலே இருந்தன. ஆனால் கட்டிப்போட மாட்டாள். கட்டிப்போட்டால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். பின்வீட்டு நாயை இப்படித்தான் ஒரு கம்பத்தில் கட்டவைத்தார்கள். விடிவதற்குள் நானிசோபாவின் மகன் அதைச் சாக்கில் போட்டு, மோட்டார் சைக்கிளில் வைத்து, பாக்மதி ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டான். கேட்டதற்கு, ஓடிப்போயிற்று என்றார்கள்.

மலேசியாவுக்குப் போன புருஷன் போனவன்தான். சாக்கடையிலிருந்து இவள் தூக்கிவந்த இந்தக் குட்டிதான், இவள் தையல்கடையிலிருந்து திரும்பும்போது படியிறங்கி ஓடிவருகிறது. இவள் வந்தால் சந்தோஷப்படுகிற உயிர் இந்த ஊரில் அது ஒன்றுதான். அதையும் விட்டுக்கொடுத்துவிட்டு அந்த அறையில் போய்ப் படுத்து என்ன வாழ்ந்துவிடப் போகிறாள்?

கோபம் அவளுக்குத் தலைக்கு ஏறவில்லை. அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. அப்படி உட்கார்ந்த கோபம் நிதானமாக யோசிக்கும். லட்சுமி பூசை நாளில் விளக்கு வைக்கும்போது எந்த வீடும் கதவை மூடிவைக்க முடியாது. திறந்துதான் ஆகவேண்டும். திறக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

இருட்டத் தொடங்கியது. தெரு முழுக்க ஒவ்வொரு கதவாகத் திறந்தது. ஒவ்வொரு வாசலிலிருந்தும் செம்மண்ணும் சாணியும் குழைத்த பாதை உள்ளே போயிற்று. அதன்மேல் லட்சுமி நடந்துவருவதற்கு அரிசிமாவுப் பாதங்கள், இரண்டு பக்கமும் விளக்குகள். நானிசோபாவின் வீடு மட்டும் துக்கவீடு மாதிரி மூடிக்கிடந்தது. உள்ளே அவள் பூசையறையிலிருந்து படிப்படியாக இறங்கிப் பாதை மெழுகிக்கொண்டு வருவது கதவிடுக்கில் தெரிந்தது. கடைசிப் பாதத்தை வாசலுக்கு வெளியே போட்டாக வேண்டும். அங்கேதான் சுக்மாயா உட்கார்ந்திருந்தாள்.

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மெதுவாக வந்தது. "சுக்மாயா, எழுந்து போ. நேரம் ஆகுது."

"எனக்கும் நேரம் ஆகுது அக்கா."

"நாளைக்கே அறையைக் காலி பண்ணவைப்பேன்."

"பண்ணவைங்க. அது நாளைக்குத்தானே."

அந்த நேரம் பார்த்து வீடுவீடாகப் பாடிவரும் பெண்கள் கூட்டம் மத்தளத்தோடு வந்து நின்றது. பாட்டை நிறுத்திவிட்டு மூடிய கதவைப் பார்த்தார்கள். ஒருத்தி, இந்த வீட்டில் யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்டாள். பாபுராஜா சிரித்துவிட்டான்.

அந்தச் சிரிப்புக்குத்தான் கதவு திறந்தது. நானிசோபா புதுச் சேலையில், ஒரு கையில் மாவுக்கிண்ணத்தோடு குனிந்து உட்கார்ந்தபடியே, மற்ற கையால் கதவை ஒருச்சாய்த்தாள். ஒரு பாதம் வரையும் அளவுக்குத்தான் இடம் விட்டாள்.

நாயின் கயிறு கை நழுவிவிட்டது என்று சுக்மாயா பிற்பாடு தெருவில் சொன்னாள். பொய். அவள்தான் விட்டாள்.

டல்லே நானிசோபாவின் முழங்கையை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தது. ஈரச் செம்மண்ணில் சறுக்கி, மாவுப் பாதங்களை மிதித்து, தெரிந்த வழியில் மேலே ஓடிற்று. நானிசோபா வாயைத் திறந்தாள். நாக்கு நுனிக்கு வந்த வசவு நல்ல முரட்டு வசவாகத்தான் இருந்திருக்கும். ஆனால் லட்சுமி நுழையும் வேளையில் வாசலில் நின்று சபித்தால் அவள் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள். பாடும் பெண்கள் வேறு பார்த்துக்கொண்டிருந்தார்கள். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டாள்.

சுக்மாயா எழுந்து, பாதையின் ஓரமாக, ஒரு பாதத்தைக்கூட மிதிக்காமல் பதவிசாகப் படியேறினாள்.

பெண்கள் பாடிவிட்டு, அரிசிமாவில் வளையமாகச் சுட்ட செல் ரொட்டி வாங்கிக்கொண்டு போன பிறகு, நானிசோபா ஈரத்துணியும் விளக்குமாக மாடிப்படிக்கு வந்தாள். கலைந்ததைச் சரிசெய்து மறுபடி வரைந்துவிடலாம் என்றுதான் வந்தாள். விளக்கைத் தாழ்த்திப் பார்த்தவள் அப்படியே நின்றாள். அவள் வரைந்த பாதங்கள் பூசையறை வாசலில் முடிந்திருந்தன. ஆனால் வழி அங்கே முடியவில்லை. சிவப்பும் வெள்ளையுமாகச் சின்னச்சின்னத் தடங்கள் பூசையறைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், அடுத்த படி, அதற்கடுத்த படி என்று ஏறி, மொட்டைமாடியை ஒட்டிய சுக்மாயாவின் அறைக்குள் போயிருந்தன. அறை திறந்திருந்தது. உள்ளே ஒரே ஒரு விளக்கு எரிந்தது.

துணியோடு கை கீழே போயிற்று, திரும்ப மேலே வந்தது. இன்று இரவு அந்தப் பாதையைத் துடைத்தால் வந்த லட்சுமியைத் துடைத்த கணக்கு. துடைக்காவிட்டால், லட்சுமி எந்த அறைக்குப் போனாள் என்று காலையில் தெருவே வந்து பார்க்கும்.

மேலே நிலைப்படியில் சுக்மாயா சாய்ந்து நின்றாள். அவள் காலடியில் டல்லே படுத்திருந்தது. நெற்றியில் காலைத் திலகம், குளிப்பாட்டியும் போகாமல், இன்னும் இருந்தது.

"துடைக்கணும்னா துடைச்சிடுங்க அக்கா," என்றாள் சுக்மாயா. "எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லை. அவதான் வந்துட்டாளே."

நானிசோபா ஈரத்துணியைப் பிடித்தபடி படியிலேயே நின்றாள்.