அக்காவின் முகத்தில் ஒரு சீமாட்டி

...வீடியோவின் முகப்புப் படத்துக்காகக் கண்ணை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கினேன், உதட்டோரம் ரத்தம் வைத்தேன், மற்றபடி முகம் அக்காவுடையதுதான், வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறியதிலிருந்து அதையேதான் போனில் பார்த்துக்கொண்டிருக்கிறாள், எண்ணூரிலிருந்து அவள் மாமியார் அனுப்பியது, கூடவே ஒரு குரல் செய்தி, "ஒன் தம்பியே படம் போட்டு சொல்ட்டான், இனி இன்னா மூஞ்சிய வச்சிகினு கொயந்தய கேட்டு வர்ற?" எதிர் இருக்கைக்காரர் நிமிர்ந்து பார்த்தார், நான் கூனிக் குறுகிப் போனேன்... அக்கா புருஷன், என் மாமா, மொட்டை மாடியிலிருந்து விழுந்து செத்தார், அக்காதான் தள்ளிவிட்டாள் என்று அந்த வீட்டில் முதல் நாளிலிருந்தே பேச்சு, போலீஸ் விசாரித்து ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டது, ஆனாலும் அவள் பெண் எழில்மொழியை அனுப்ப மாட்டோம் என்கிறார்கள், இன்று எப்படியாவது பேசிக் கூட்டி வந்துவிடலாம் என்று துணைக்கு என்னை அழைத்தாள், போயும் போயும் என்னை!

பெரிய யூடியூப் சேனல்காரன் நான்... ஹங்கேரிச் சீமாட்டி எலிசபெத் பாத்தோரி, வேலைக்காரப் பெண்களைச் சித்திரவதை செய்து கொன்றாள், இளமை போகாமலிருக்க அவர்கள் ரத்தத்தில் குளித்தாள் என்று குரலைத் தாழ்த்திப் பயமுறுத்தினேன். அவளை ஒருநாளும் நீதிமன்றத்தில் நிறுத்தவில்லை, கோட்டைக்குள் அடைத்துச் சாகவிட்டார்கள், ரத்தக் குளியல் கதை அவள் செத்து நூறு வருஷத்துக்கு மேல் கழித்து எழுதப்பட்டது, எல்லாம் படித்தேன், பேசிப் பதிவும் செய்தேன், இழுவையாக இருக்கிறதென்று நானே வெட்டி எறிந்தேன். அவளை நாவலாக்கி, சினிமாவாக்கி, பாட்டாக்கிக் கல்லா கட்டியவர்கள் வரிசையில் வியாசர்பாடி பாரியாகிய நானும் போய் நின்றாயிற்று, வெட்கமாக இருக்கிறது, நிஜமாகவே வெட்கமாக இருக்கிறது.

"அந்தப் பொம்பள நெஜமாவே பண்ணாளா?"

"தெரியாதுக்கா."

"தெரியாமயா இம்மாம் பேசிகீற?" கோபமாகக்கூடக் கேட்கவில்லை, திட்டினால் தேவலை... "வேற மூஞ்சியே கெடிக்கலியா ஒனக்கு?" கல்யாண நகையில் ராணி மாதிரி இருந்தேக்கா, அதான் என்று குழறினேன், தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் நகை போட்ட படங்கள் போனில் எத்தனையோ கிடக்கின்றனவே, சித்தி பெண்ணுடையது, ஏன், அம்மாவுடையதுகூட, ஒன்றையாவது திறந்து பார்த்தேனா, கொலைகாரி என்றதும் கை நேராக அக்காவிடம்தானே போனது... மாமா செத்ததிலிருந்து, என்னதான் நடந்தது என்று ஒரு தரம் அவளைக் கேட்டிருக்கிறேனா, மனசு நோகும் என்றுதான் கேட்கவில்லையா, இல்லை... அவர்கள் சொன்னதை நானும்...

விம்கோ நகர் வந்துவிட்டது, அக்கா எழுந்தாள். "அங்க வந்து இன்னா சொல்லப்போற?"

"நீ பண்ணலன்னு சொல்றேன்க்கா."

"அத மொதல்ல எங்கிட்ட கேட்டுகினு சொல்லேன்டா."

கதவு திறந்தது, அவள் இறங்கி எனக்காக நின்றாள், கேட்கத்தான் வாயெடுத்தேன்... அவள் இல்லை என்று சொல்லி, நான் நம்பாமல் போய்விட்டால்?