அந்தப் பேருக்கு நாலு தோள்

சவப்பெட்டியின் மூடியைத் திருகி முடித்த பிறகும் யாரும் அதைத் தொடவில்லை. அறைக்குள் ஏழெட்டு ஆண்கள். வாசலில் மழையில் நனைந்தபடி இன்னும் பலர். தோள் எல்லோருக்கும் இருந்தது. மக்நல்டி என்ற பேர் ஒருவருக்குத்தான் இருந்தது. செத்துப்போன அட்ராக்டாவின் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி ஃபெஸ்டி. அவரும் ஆஸ்துமா இழுப்போடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"பாதிரியார் கோயில்ல காத்துக்கிட்டு இருக்காரும்மா," என்றார் பெட்டிக்காரர், அட்ராக்டாவின் முகத்தைப் பார்க்காமல்.

"அப்ப தூக்குங்க."

"நாங்க எப்படி?"

அயர்லாந்தில், மேயோவின் இந்த மலையடிவாரத்தில் அதுதான் முறை. செத்தவரின் குடும்பப் பேர் கொண்ட நாலு ஆண்கள் முதலில் தூக்கி வாசலைத் தாண்ட வேண்டும். அப்புறம் யார் வேண்டுமானாலும் தோள் மாற்றலாம். அதற்கு முன் வேற்றுப் பேர்க்காரன் கை வைத்தால் அந்த வீட்டில் அடுத்த சாவு தூரத்தில் இல்லை என்பார்கள். கால்வே பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிய அட்ராக்டா இதையெல்லாம் நம்பவில்லை. ஆனால் பட்டம் வந்து பெட்டியைத் தூக்காது.

அந்தப் பேரைப் பற்றி அவள் நூலகத்தில் தோண்டித் தோண்டிப் படித்திருந்தாள். "நாம ராஜவம்சம்டி," என்பார் அப்பா, சாணி ஒட்டிய பூட்ஸோடு. ராஜவம்சம்தான். எண்ணூறு வருஷத்துக்கு முன் கிழக்கே பழைய அல்ஸ்டரை ஆண்டு, நார்மன் படையிடம் தோற்று, மேற்கே டோனிகலுக்கு ஓடிய வம்சம். அங்கே வைத்தியம் பார்த்துப் பிழைத்தார்கள். அடைக்கலம் கொடுத்த ஊர் அவர்களுடைய பழைய பேரை மறந்துவிட்டு 'அல்ஸ்டர்காரன் மகன்' என்று கூப்பிட்டது. அதுதான் மக்நல்டி. வந்தேறி என்பதை மரியாதையாகச் சொன்னார்கள், அவ்வளவுதான். பிறகு மாடுகளை ஓட்டிக்கொண்டு மேயோ. உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குப் பிறகு லங்காஷயர் சுரங்கம், அமெரிக்காவில் பென்சில்வேனியா, கிளீவ்லாண்ட். போன இடமெல்லாம் பேர் பெருகியது. இங்கே வற்றிவிட்டது.

அண்ணன் டெக்லன் கிளீவ்லாண்டிலிருந்து தபாலாபீஸுக்குப் போன் பண்ணி அழுதான். "வந்தா என்னைத் திரும்ப உள்ள விட மாட்டாங்க. விசா முடிஞ்சு போச்சு."

"அப்ப வராதே. அங்கேயே ராஜாவா இரு," என்று வைத்துவிட்டாள்.

ஊரில் அந்தப் பேர் மிச்சமிருந்தது இன்னொரு வீட்டில்தான். மேல்வீடு. ஹூபர்ட் மக்நல்டியும் அவருடைய இரண்டு மகன்களும்.

சாவதற்கு முந்தின நாள் காலை, ஓட்ஸ் கஞ்சியைத் துப்பிவிட்டு அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "ஹூபர்ட் கை பட்டா நான் குழிக்குள்ள இறங்க மாட்டேன். திரும்பி வருவேன். சொல்லிட்டேன்." மறுநாள் சாகும்போதும் அதே மணிக்கட்டைத்தான் பிடித்திருந்தார். அம்மாதான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள்.

காரணம் ஊருக்கே தெரியும். இங்கிலீஷ்காரன் போன கையோடு நாடே இரண்டாகப் பிரிந்து தன்னைத்தானே சுட்டுக்கொண்ட வருஷம், 1922. அப்பாவின் அண்ணன் ஆஸ்டின் சதுப்பு மேட்டில் ஒரு குடிசையில் ஒளிந்திருந்தார். புது அரசின் சிப்பாய்களுக்குக் குடிசையைக் கைகாட்டியது ஹூபர்ட். அங்கேயே ஆஸ்டினைச் சுட்டுக் கொன்றார்கள். அப்போது ஹூபர்ட்டும் அப்பாவும் சிறுவர்கள், ஒரே வயது, பள்ளியில் ஒரே பெஞ்சு. அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

அப்படியும் இன்று காலை அட்ராக்டா மேலே ஏறிப் போனாள். "உங்க பையனுங்க ரெண்டு பேரையும் அனுப்புங்க. நீங்க வர வேண்டாம்." ஹூபர்ட் நாயின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். 

"அவனுங்க வந்தாலும் மூணுதானே?" என்றார் இப்போது ஃபெஸ்டி, மூச்சை இழுத்துக்கொண்டு. "நாலாவது யாரு?"

"நான்."

"பொம்பளையா? ஏற்கனவே பாதி செத்துட்டேன் தாயே. மீதியையும் இங்கயே முடிச்சுடாதே."

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். அந்த இருமல் பாதியில் நின்றது. வாசலில் கூட்டம் விலகியது. மேல்வீட்டு ஜார்லத் வந்தான், கோல்மன் வந்தான். பின்னால் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு ஹூபர்ட்.

"உங்களை வரச் சொல்லலை," என்றாள் அட்ராக்டா.

"தெரியும்." நேராகப் போய்ப் பெட்டியின் தலைமாட்டில் நின்றார்.

"அப்பா கடைசியா என்ன சொன்னார் தெரியுமா? உங்க கை படக்கூடாதுன்னார்."

"சொல்லுவான்."

"ஆஸ்டின் பெரியப்பாவைக் காட்டிக்கொடுத்த கை அது."

 ஹூபர்ட்டின் கோட்டு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"காட்டினேன். எங்கம்மா நெத்தியில ஒரு சிப்பாய் துப்பாக்கிய வெச்சிருந்தான். காட்டினேன்." அவர் பெட்டியைத்தான் பார்த்துப் பேசினார். "அந்த மேட்டுல அந்த மாதிரிக் குடிசை நாப்பது இருந்துச்சு பொண்ணே. எந்தக் குடிசைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் பெட்டியின் மூடியில் கை வைத்தாள். 

"ஆஸ்டினுக்குப் பால் கொண்டுபோனது யாரு? இவன்தானே? கொண்டுபோய் வெச்சிட்டு, அன்னைக்கே பள்ளிக்கூடம் போற வழியில, பெருமை தாங்காம யாருகிட்ட சொன்னான்?"

"பொய்."

"சரி. பொய்யாவே இருக்கட்டும்."

அட்ராக்டா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா அடுப்போரம் ஜெபமாலையோடு நின்றிருந்தாள். அந்த முகத்தில் கொஞ்சமாவது திடுக்கிடல் இருக்கும் என்று தேடினாள். இல்லை.

"தூக்கட்டும்," என்றாள் அம்மா.

"அம்மா, அவர் சொன்னது..."

"இத்தனை வருஷமா ராத்திரியில அவர் உளறினதை நான்தான் கேட்டிருக்கேன். தூக்கட்டும்டி."

கால்மாட்டில் மகன்கள் இருவரும். தலைமாட்டில் ஒரு பக்கம் ஃபெஸ்டி, மறு பக்கம் ஹூபர்ட். பெட்டி மேலே எழும்பியது. அம்மா வந்து அது இருந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாகக் காலால் தள்ளிச் சாய்த்தாள். போனவர் திரும்பி வந்தால் உட்கார இடம் இருக்கக்கூடாது.

வாசற்படிக்கு இரண்டடி இருக்கும்போது ஹூபர்ட்டின் முழங்கால் மடங்கியது. பெட்டி அவர் மூலைக்குச் சாய்ந்தது. உள்ளே ஏதோ நழுவி வந்து பலகையில் இடித்தது. வெளியே நின்றவர்கள் அதைக் கேட்டார்கள், ஒருவரும் அசையவில்லை. இன்னும் வாசல் தாண்டவில்லை.

அட்ராக்டா குனிந்து அடியில் நுழைந்தாள். ஒரே மூலைக்கு இரண்டு தோள். கிழவரின் கை அவள் கழுத்தைச் சுற்றி விழுந்து இறுகியது. அவள் அதை விலக்கவில்லை.

"நடங்க," என்றாள்.

வாசல் தாண்டியதும் ஆட்கள் ஓடி வந்தார்கள். ஃபெஸ்டி கொடுத்தார், மகன்கள் கொடுத்தார்கள். ஹூபர்ட் தன் மூலையைக் கொடுக்கவில்லை, அவளும் அடியிலிருந்து விலகவில்லை. கன்னத்தைப் பலகையோடு ஒட்டவைத்தபடி சேற்றில் நடந்தார். அவர் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. ஜெபம் இல்லை, ஜெபத்தின் ஓட்டம் அவளுக்குத் தெரியும். கொஞ்சம் சொல்வார், நிறுத்துவார், பெட்டிக்குள்ளிருந்து வரும் பதிலுக்கு இடம் விடுவதுபோல. பிறகு மறுபடி சொல்வார்.

மழைச் சத்தத்தில் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. இருந்தாலும் தலையைப் பலகையிலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டாள்.